கோல்டு ரூம் போடப் போறீங்களா? டன் கணக்குக்கு முன்னாடி ஈரத்தைக் கவனிங்க

ஓட்டல்காரங்க, ஐஸ்கிரீம் ஏஜென்சி, கறிக்கடை, மீன் கம்பெனி, காய்கறி மண்டினு யார் வந்தாலும் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், "பத்துக்குப் பத்து ரூம், எத்தனை டன் மெஷின் போடலாம், எவ்ளோ ஆகும்?" ரூம் அளவை மட்டும் கேட்டுட்டு உடனே ரேட் சொல்ற ஆள்கிட்ட கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க. உள்ள என்ன சரக்கு போகுது, உள்ள போகும்போது அது எவ்ளோ சூடா இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ புதுசா வரும், கதவு எவ்ளோ தடவை திறக்கும், இந்த நாலையும் கேக்காம மெஷின் சைஸ் சொல்லவே முடியாது. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை யாரும் கேக்கறதில்ல. உங்க ஊர் காத்துல எவ்ளோ ஈரம் இருக்குங்கறது. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல கோல்டு ரூம் நடத்தறவங்களுக்கு வர்ற தொல்லைல பாதிக்கு மேல இந்த ஈரத்தால வர்றதுதான். சூட்டைக் கூட மெஷின் சமாளிச்சிடும்.

கணக்கு ஒண்ணு சொல்றேன். 32 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம் இருக்கற சாதாரண கடலோரக் காத்துல ஒரு கன மீட்டருக்கு கிட்டத்தட்ட 25 கிராம் தண்ணி ஆவியா கலந்திருக்கும். மைனஸ் 18 டிகிரில காத்தால ஒரு கிராம் சொச்சம்தான் தாங்க முடியும். மிச்சம் 24 கிராம் எங்க போகும்? உள்ள இருக்கற காயில்ல (ரூமைக் குளிர வைக்கற உள் யூனிட் குழாய்), சீலிங்ல, அட்டைப்பெட்டி மேல ஐஸா ஒட்டும். பத்துக்குப் பத்து, எட்டடி உயர ரூம்ல சுமார் 22 கன மீட்டர் காத்து இருக்கும். கதவைத் திறந்து போட்டு லோடு இறக்கறப்ப அந்தக் காத்து ஒரே ஒரு தடவை முழுசா மாறினாலே அரை கிலோ ஐஸ் உள்ள வந்தாச்சு. லோடு இறக்கற அரை மணி நேரத்துல அது எத்தனை தடவை மாறும்னு நீங்களே பாத்துக்கோங்க. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிச்சா, கீழ சொல்ற ஒவ்வொரு விஷயமும் ஏன் சொல்றேன்னு புரியும்.

எந்த சரக்குக்கு எவ்ளோ குளிர்

எல்லாத்தையும் ஒரே ரூம்ல போட்டு 2 டிகிரில வச்சா எல்லாமே நல்லா இருக்கும்னு ஒரு நம்பிக்கை நிறைய பேருக்கு இருக்கு. வாழைப்பழம் 13 டிகிரிக்குக் கீழ போனா தோல் கருத்துப் போயிடும், அப்புறம் பழுக்கவும் செய்யாது. மாம்பழமும் 12, 13லதான் இருக்கணும். தக்காளி காயா இருந்தா 12க்குக் கீழ வேணாம். கத்திரிக்காய், வெண்டைக்காய், வெள்ளரிக்காய்க்கெல்லாம் 10 டிகிரி வாக்குல போதும், ரொம்ப குளிர்ந்தா பள்ளம் விழுந்து அழுகும். ஆனா ஊட்டி கேரட், பீட்ரூட், கோஸ், காலிஃபிளவர், கொத்தமல்லி, கீரை இதெல்லாம் 0ல இருந்து 2 டிகிரி, நல்ல ஈரப்பதம், 95 சதவீதம் வரைக்கும் கேக்கும். வெங்காயத்துக்கு நேர் எதிரா காஞ்ச காத்து வேணும், கேரட் ரூம்ல வெங்காய மூட்டையைப் போட்டா முளை விட்டுடும். உருளைக்கிழங்கை 4 டிகிரில ரொம்ப நாள் வச்சா மாவுச்சத்து சர்க்கரையா மாறிடும், அதை எடுத்து சிப்ஸ் போட்டா கருகின மாதிரி வரும், கஸ்டமர் எண்ணெய் சரியில்லைன்னு நெனைப்பாரு. ஆப்பிள், பழுக்கிற பழம் எல்லாம் எத்திலீன்ங்கற பழுக்க வைக்கற வாயுவை விடும், பக்கத்துல கீரை இருந்தா மஞ்சளாகிடும்.

பால், தயிர், இட்லி மாவு, கோழிக்கறிக்கு 4 டிகிரிக்குள்ள. ஃப்ரெஷ் மீன் ஐஸோட சேத்து 0ல இருந்து 2. உறைஞ்ச சரக்குக்கு மைனஸ் 18 அல்லது அதுக்கும் கீழ, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) ஆளுங்க வந்து பாக்கறதும் இந்த நம்பரைத்தான். ஐஸ்கிரீம் கொஞ்சம் பொல்லாதது, மைனஸ் 20, 22னு ஏறாம இறங்காம ஒரே சீரா இருக்கணும். மைனஸ் 12க்கு ஏறி மறுபடி மைனஸ் 20க்கு இறங்கினா உள்ள இருக்கற ஐஸ் பொடி பெருசாகி நாக்குல மணல் மாதிரி நறநறன்னு வரும், பேக்கெட் பாக்க நல்லாத்தான் இருக்கும்.

மெஷின் சைஸ்: சரக்குதான் பெரிய சுமை

3 மீட்டர், 3 மீட்டர், 2.4 மீட்டர் உயரம், 80 எம்எம் பஃப் பேனல் (நடுவுல ஃபோம் வச்ச பலகை), வெளிய 35, உள்ள 2 டிகிரினு ஒரு ரூம் எடுத்துக்குவோம். சுவர், சீலிங், தரை வழியா உள்ள வர்ற மொத்த சூடு 400 வாட் சொச்சம்தான். அவ்ளோதானான்னு கேப்பீங்க. அவ்ளோதான். இப்ப 500 கிலோ கோழிக்கறியை 30 டிகிரில உள்ள வச்சு பத்து மணி நேரத்துல 2 டிகிரிக்கு கொண்டு வரணும்னா, அதுக்கு மட்டும் 1.35 கிலோவாட் கிட்ட வேணும். சுவர் வழியா வர்றதை விட மூணு மடங்கு. அதே 500 கிலோ மீனா இருந்து, அதை மைனஸ் 18க்கு உறைய வைக்கணும்னா 5 கிலோவாட்டுக்கு மேல போயிடும், ஏன்னா மீன்ல இருக்கற தண்ணி உறையறப்ப விடற சூடு அவ்ளோ. இது போக கதவு, லைட், உள்ள வேலை செய்யற ஆள், ஃபேன் மோட்டார், டிஃப்ராஸ்ட் (காயில்ல படியற ஐஸை உருக்கற) ஹீட்டர் எல்லாம் தனிக் கணக்கு. காய்கறி, பழம்னா அதுங்க மூச்சு விடறதால வர்ற சூட்டையும் சேக்கணும். அதுக்கு மேல 10 சதவீதம் சேத்து, மெஷின் ஒரு நாளைக்கு 16ல இருந்து 18 மணி நேரம் ஓடினா போதும்ங்கற மாதிரி எடுங்க. 24 மணி நேரமும் ஓடினாத்தான் குளிர் நிக்கும்னா டிஃப்ராஸ்டுக்கு நேரம் எங்க இருக்கு?

இதுல இருந்து ஒரு முக்கியமான விஷயம். உறைஞ்ச சரக்கை வச்சிருக்கற ஃப்ரீசர் வேற, பச்சை சரக்கை உறைய வைக்கற பிளாஸ்ட் ஃப்ரீசர் வேற. மைனஸ் 18 காட்டற ரூம்தானேன்னு சூடான சரக்கை உள்ள தள்ளினா அது மெதுவா உறையும், ஐஸ் பொடி பெருசாகி சதையைக் கிழிக்கும், உருகறப்ப தண்ணி வடிஞ்சு மீன் சக்கையா போகும். பக்கத்துல ஏற்கனவே உறைஞ்சிருந்த சரக்கும் இளகும். அதே மாதிரி சாம்பார், கிரேவியை அடுப்புல இருந்து இறக்கி நேரா சில்லர்ல (உறைய வைக்காம குளிர மட்டும் வைக்கற ரூம்) வைக்கற பழக்கம் ஓட்டல்ல நிறைய. அந்த ஆவி மொத்தமும் காயில்லதான் போய் ஐஸாகும். அகலமான தட்டுல ஊத்தி வெளியவே சீக்கிரம் ஆற வச்சு அப்புறம் உள்ள கொண்டு போங்க, அதுக்குன்னு சாயங்காலம் வரைக்கும் வெளிய வச்சிருக்கவும் கூடாது.

டன் பத்தி ஒண்ணு. ஒரு டன்னா 3.5 கிலோவாட் குளிர். ஆனா ஏசில 2 டன் குடுக்கற கம்ப்ரசர், ஃப்ரீசர் காயிலுக்கு வேண்டிய மைனஸ் 25 லெவல்ல பாதி கூட குடுக்காது. அதனால கொட்டேஷன்ல டன்னோ ஹெச்பியோ மட்டும் போட்டிருந்தா ஒத்துக்காதீங்க, "எவாப்பரேட்டர் (உள் காயில்) எத்தனை டிகிரி, வெளிய எத்தனை டிகிரி இருக்கறப்ப எத்தனை கிலோவாட்"னு எழுதி வாங்குங்க. வெளிய 32னு போட்டு நல்ல நம்பர் காட்டுவாங்க, வேலூர்லயும் திருச்சிலயும் மே மாசம் மொட்டை மாடி எத்தனை டிகிரினு எல்லாருக்கும் தெரியும். 43, 45க்கு கேளுங்க.

பேனல், ஜாயிண்ட், ஓட்டை

சில்லருக்கு 80 எம்எம், கொஞ்சம் வசதி இருந்தா 100. ஃப்ரீசருக்கு 120 அல்லது 150. ஃபோம் டென்சிட்டி கன மீட்டருக்கு 40 கிலோ வாக்குல இருக்கணும். விலை குறையுதேன்னு ஃப்ரீசருக்கு 80 போட்டவங்க கரண்ட் பில்லுல அந்தப் பணத்தை மாசாமாசம் கட்டிக்கிட்டே இருப்பாங்க, அது போதாதுன்னு பேனலோட வெளிப்பக்கம் வேர்த்து வடியும்.

பேனலை விட ஜாயிண்ட்தான் முக்கியம்னு நான் சொல்வேன். கேம் லாக் (ரெண்டு பேனலைச் சேத்து இழுத்துப் பிடிக்கற பூட்டு) எல்லாம் முழுசா திரும்பி இறுகியிருக்கானு ஒவ்வொண்ணா பாக்கணும். அப்புறம் சிலிகான். ஈரம் எப்பவும் சூடான பக்கத்துல இருந்து குளிர்ந்த பக்கத்துக்குத்தான் ஓடும், அப்ப அதைத் தடுக்க வேண்டிய இடம் வெளிப்பக்கம். ஆனா நடக்கறது என்னன்னா, உள்பக்கம் கஸ்டமர் கண்ணுல படும்னு அழகா சிலிகான் இழுத்து விட்டுட்டு, வெளிய சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல கை போகாத இடத்தை அப்படியே விட்டுடுவாங்க. வெளிய இருந்து ஈரம் ஃபோமுக்குள்ள போகும், உள்பக்கம் அடைச்சிருக்கறதால வெளியேறவும் முடியாது, அங்கயே தங்கும். தண்ணி ஃபோமை விட 25 மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும், அது ஐஸாச்சுன்னா 100 மடங்கு. ரெண்டு மூணு வருஷத்துல பேனல் உப்பி, தட்டினா தொம்முனு சத்தம் வரும். அதைச் சரி பண்ண வழியே இல்ல, மாத்தத்தான் வேணும். அதனால பேனல் நிறுத்தறப்பவே, சுவர் பக்கம் போற ஜாயிண்டுக்கு முதல்ல சிலிகான் வச்சுட்டுத்தான் நிறுத்தச் சொல்லணும். கட்டடச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சாவது விடுங்க, சீலிங்குக்கு மேல ஒரு அடி, காத்து போய் வர. ஒட்டி வச்சா நடுவுல பூஞ்சை பிடிச்சு நாறும்.

இன்னொரு எமன் இருக்கான், எலெக்ட்ரீசியன் போடற ஓட்டை. ரூம் எல்லாம் முடிஞ்சப்பறம் லைட்டுக்கு ஒயர் கொண்டு போக சீலிங்ல டிரில் போடுவாங்க, பைப்பை சொருகுவாங்க, பைப்பைச் சுத்தி சிலிகான் கூட வைப்பாங்க. பைப்புக்கு உள்ள? ஒயர் போற அந்தப் பைப்பே வெளிக்காத்து உள்ள வர்ற குழாய்தான். ஃப்ரீசர்ல லைட் ஃபிட்டிங்ல இருந்து விரல் கனத்துக்கு ஐஸ் தொங்கிக்கிட்டிருந்தா, லைட் கவரைக் கழட்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா பனி அடைச்சு, ஒயர் கனெக்டர் அதுக்குள்ள புதைஞ்சு கிடக்கும். ஒருநாள் டிஃப்ராஸ்ட்ல அது உருகி ஷார்ட் ஆகும். பைப்புக்குள்ள ரெண்டு முனைலயும் சீலன்ட் அடைக்கணும். காப்பர் பைப், டிரெய்ன் (தண்ணி வடியற) பைப், சென்சார் ஒயர் போற ஓட்டைக்கும் இதேதான்.

தரைக்கு வருவோம். சில்லர்னா கூட தரைக்கு இன்சுலேஷன் போடறது நல்லது, ஃப்ரீசர்னா போட்டே ஆகணும். மண் தரைக்கு மேல பெரிய ஃப்ரீசர் போட்டா இன்சுலேஷனுக்கு அடில ஈரத் தடுப்பு ஷீட்டும், அதுக்கும் அடில காத்து போற பைப்போ ஹீட்டரோ வேணும். இல்லைன்னா வருஷக்கணக்குல குளிர் மெல்ல இறங்கி மண்ணுல இருக்கற ஈரம் உறைஞ்சு தரையையே மேல தூக்கும். நம்ம ஊர் சூட்டுக்கு அதெல்லாம் நடக்குமான்னு கேப்பாங்க, மேல அடிக்கற வெயிலுக்கும் ஃப்ரீசர் அடில இருக்கற மண்ணுக்கும் சம்பந்தம் இல்லீங்க. முதல் மாடில போட்டா தரை இன்சுலேஷன் சரியில்லைன்னு கீழ் கடைக்காரர் வந்துதான் சொல்வாரு, அவர் சீலிங் சொட்டும். சின்ன ரூம்னா தரைக்கும் பேனல், அதுக்கு மேல பிளைவுட், அதுக்கு மேல செக்கர்டு அலுமினியம் ஷீட் போதும், டிராலி வெயிட்டை முன்கூட்டியே சொல்லிடுங்க.

புதுசா கான்கிரீட் போட்ட ஃப்ரீசர்னா முதல் நாளே மைனஸ் 20க்கு இழுக்காதீங்க. காங்கிரீட் நல்லா காயட்டும், அப்புறம் ரெண்டு மூணு நாள் எடுத்து படிப்படியா இறக்குங்க, இல்லைன்னா தரை வெடிக்கும்.

கதவு

கதவு இருக்கற இடத்தை முதல்ல முடிவு பண்ணுங்க. வெயிலும் மழைக்காத்தும் நேரா அடிக்கற பக்கமோ, கிச்சன் அடுப்புப் பக்கமோ வேணாம். ஃப்ரீசரை சில்லருக்கு உள்ளால போற மாதிரி வச்சா பாதி தொல்லை தீர்ந்துது, ஏன்னா ஃப்ரீசர் கதவு திறக்கறப்ப உள்ள போறது 4 டிகிரில இருக்கற காஞ்ச காத்து, தெருக்காத்து இல்ல. இடம் இருக்கறவங்க இதைக் கண்டிப்பா செய்யுங்க, இதை விட நல்ல யோசனை என்கிட்ட இல்ல.

ஸ்ட்ரிப் கர்ட்டன் (கதவுல தொங்கற பிவிசி பட்டைத் திரை) போட்டாலே போதும், ஆனா பட்டை ஒண்ணு மேல ஒண்ணு பாதியாவது ஏறியிருக்கணும், ஃப்ரீசருக்கு குளிர் தாங்கற தனி கிரேடு பிவிசி வாங்கணும், சாதாரணது விறைச்சு உடையும். வேலையாளுங்க முகத்துல அடிக்குதுன்னு அதைச் சுருட்டி ஆணில மாட்டிடுவாங்க, அது எல்லா ஊர்லயும் நடக்கறது. அவங்களைத் திட்டாம பட்டையைத் தொடச்சு சுத்தமா வைங்க, அழுக்குப் பட்டை முகத்துல படறதுதான் அவங்களுக்குப் பிடிக்காதது.

ஃப்ரீசர் கதவுச் சட்டத்துக்குள்ள ஹீட்டர் ஒயர் இருக்கணும், இல்லைன்னா கேஸ்கட் (கதவோர ரப்பர்) ஐஸ்ல ஒட்டிக்கும், பலமா இழுத்தா கிழியும். கிழிஞ்ச கேஸ்கட் வழியா இன்னும் ஈரம், இன்னும் ஐஸ். அப்புறம் பிரஷர் ரிலீஃப் வால்வு, இதைக் கொட்டேஷன்ல பாதிப் பேர் விட்டுடறாங்க. கதவு திறந்து சூடான காத்து உள்ள போய், கதவை மூடினதும் அது குளிர்ந்து சுருங்கும், உள்ள அழுத்தம் குறையும், உடனே மறுபடி திறக்கப் பாத்தா கதவு வராது. ரொம்ப இறுக்கமான ரூம்ல பேனலே உள்வாங்கும். அந்த வால்வுக்கும் சின்ன ஹீட்டர் உண்டு, அதுல கரண்ட் வருதானு பாத்துக்கோங்க, இல்லைன்னா அதுவே ஐஸ்ல அடைச்சு நிக்கும்.

உள்ள இருந்து தள்ளித் திறக்கற சேஃப்டி ஹேண்டில் இல்லாத ரூமை வாங்கவே வாங்காதீங்க. வெளிய பூட்டு போட்டிருந்தாலும் உள்ள இருந்து திறக்கணும். ராத்திரி கடைசியா ஒரு ஆள் உள்ள கணக்கு எடுத்துக்கிட்டிருக்கறப்ப வெளிய இருந்து தாழ் போட்டுட்டுப் போறது எங்கயும் நடக்கலாம். ஃப்ரீசர்னா உள்ள ஒரு அலாரம் ஸ்விட்ச், கரண்ட் போனாலும் எரியற ஒரு எமர்ஜென்சி லைட். மாசத்துக்கு ஒரு தடவை ஒரு ஆளை உள்ள விட்டு கதவை மூடி ஹேண்டிலைத் தள்ளச் சொல்லுங்க, ஐஸ் பிடிச்சு சிக்கியிருக்கலாம். உள்ள ட்ரை ஐஸ் வைக்கற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, மூடின ரூம்ல அது விடற வாயு ஆளையே சாய்ச்சிடும்.

மெஷின் வைக்கறது, டிஃப்ராஸ்ட், டிரெய்ன்

உள் யூனிட்டை கதவுக்கு நேர் மேல வைக்காதீங்க, வர்ற ஈரத்தை அது நேரா உறிஞ்சும். எதிர்ச் சுவர்ல வச்சு காத்து கதவை நோக்கி வர்ற மாதிரி வைக்கறது வழக்கம், கதவைத் திறந்தா ஃபேன் நிக்கற மாதிரி ஒரு ஸ்விட்ச் போடுங்க, இல்லைன்னா ஃபேனே குளிரை வெளிய தள்ளிக் குடுக்கும். கீரை, கேரட்டுக்கு பெரிய காயில் எடுக்கணும், காயிலுக்கும் ரூமுக்கும் வித்தியாசம் 6, 7 டிகிரிக்குள்ள இருந்தாத்தான் காய் வாடாது. சின்ன காயில் போட்டு வித்தியாசம் 12 ஆச்சுன்னா ரூம் குளிரும், ஆனா கேரட்ல இருக்கற தண்ணி எல்லாம் காயிலுக்குப் போயிடும், எடை குறையறது உங்க லாபம் குறையறது. பேக்கெட்ல அடைச்ச சரக்குக்கு அந்தக் கவலை இல்ல.

சில்லர்ல கம்ப்ரசரை நிறுத்திட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டாலே ஐஸ் உருகிடும். ஃப்ரீசர்ல ஹீட்டர் வேணும், ஒரு நாளைக்கு 3, 4 தடவை, ஒவ்வொண்ணும் அரை மணிக்குள்ள, காயில் 10, 12 டிகிரி தொட்டதும் தானா நிக்கணும். அப்புறம் தண்ணி வடிய ரெண்டு நிமிஷம், கம்ப்ரசர் ஓடி காயில் குளிர்ந்தப்பறம்தான் ஃபேன். இந்த ஃபேன் டிலே வைக்கலைன்னா காயில்ல இருக்கற சொட்டுத் தண்ணியை ஃபேன் சீலிங் பூரா தெளிச்சு விடும். பழைய மெக்கானிக்கல் டைமர் வச்சிருந்தா ஒண்ணு கவனிங்க, கரண்ட் போறப்ப அதோட கடிகாரமும் நின்னுடும். ராத்திரி ரெண்டு மணிக்கு வச்ச டிஃப்ராஸ்ட் நகர்ந்து நகர்ந்து காலைல லோடு இறக்கற நேரத்துக்கு வந்து நிக்கும். கதவும் திறந்திருக்கும், ஹீட்டரும் ஓடும், முதலாளி மெஷின் போச்சுன்னு போன் பண்ணுவாரு.

டிரெய்ன் பைப் நல்லா சரிவா, சீக்கிரம் ரூமை விட்டு வெளிய போகணும். ஃப்ரீசருக்குள்ள இருக்கற பகுதிக்கு ஹீட்டர் டேப்பும் இன்சுலேஷனும் வேணும். தண்ணி நிக்கற யு வளைவு வெளிய சூடான பக்கத்துல இருக்கணும், உள்ள வச்சா உறையும், வைக்காமலே விட்டா பைப் வழியா ஈரக்காத்தும் கரப்பானும் உள்ள வரும். சாக்கடைல நேரா சொருகாம கொஞ்சம் இடைவெளி விட்டு விழ விடுங்க.

வெளி யூனிட்டுக்கு நிழல் வேணும், ஆனா மூணு பக்கம் சுவரும் மேல தகரமும் உள்ள பெட்டிக்குள்ள வச்சா அது விட்ட சூட்டையே மறுபடி இழுக்கும். வெளிச்சூடு ஒவ்வொரு டிகிரி ஏறவும் கரண்ட் 2, 3 சதவீதம் ஏறும்னு வச்சுக்கலாம். புரோட்டா கல்லு, ஃப்ரையர் எக்ஸாஸ்ட் பக்கத்துல வச்சா எண்ணெய்ப் பிசுக்கு ஃபின்ல (காயில் மேல இருக்கற மெல்லிசான தகடு) ஒட்டி தூசியோட சேந்து கம்பளி மாதிரி படியும். கடலோரம்னா கோட்டிங் பண்ண ஃபின் கேளுங்க, வெறும் அலுமினியம் உப்புக் காத்துல மாவா உதிரும்.

கேஸ் (மெஷினுக்குள்ள சுத்தி குளிர வைக்கற வாயு) பத்தி சுருக்கமா. புதுசுக்கு ஆர் 22 வேணவே வேணாம், இந்தியால 2030க்குள்ள நிறுத்தற வரிசைல அது இருக்கு. ஆர் 404ஏ எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும், கிடைக்கும், ஆனா பூமியைச் சூடாக்கறதுல அது கார்பன் டை ஆக்சைடை விட 3,900 மடங்கு, அதுக்கும் காலம் குறைஞ்சுக்கிட்டு வருது. ஆர் 290ங்கறது புரோப்பேன், கரண்ட் மிச்சமாகும், ஆனா தீப்பிடிக்கும், அதுக்குன்னு டிரெய்னிங் எடுத்தவர் மட்டும் கை வைக்கணும். எந்த கேஸா இருந்தாலும் நைட்ரஜன் அடிச்சு லீக் டெஸ்ட் பண்ணி, வேக்குவம் போட்டு, மீட்டர்ல 500 மைக்ரானுக்கு (வேக்குவத்தை அளக்கற அளவு) கீழ இறங்கி நிக்கறதைக் காட்டினப்பறம்தான் கேஸ். சிஸ்டத்துக்குள்ள தங்கற ஈரமும் எக்ஸ்பான்ஷன் வால்வுல (காயிலுக்குள்ள கேஸை அளந்து விடற வால்வு) உறைஞ்சு அடைக்கும், கம்ப்ரசர் ஆயிலைக் கெடுக்கும்.

த்ரீ பேஸ் மெஷினுக்கு சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனா மெஷினை நிறுத்தற கருவி), அது பேஸ் மாறினாலும் தடுக்கற மாதிரி வாங்குங்க. டிரான்ஸ்ஃபார்மர்ல ஈபி வேலை முடிச்சு கரண்ட் விட்டப்பறம் மெஷின் வித்தியாசமா சத்தம் போட்டு ஓடுது ஆனா குளிரலைன்னா, பேஸ் மாறி ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழா சுத்துதுன்னு அர்த்தம். உடனே நிறுத்துங்க. கரண்ட் வந்ததும் 3ல இருந்து 5 நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகற டைமர் கண்டிப்பா வேணும்.

தினசரி பராமரிப்பு, ஐஸைப் படிக்கறது

சரக்கை சுவருக்கு ஒட்டாம அரை அடி விட்டு, பேலட் மேல, காயில்ல இருந்து வர்ற காத்தை மறைக்காம அடுக்குங்க. சுவர்ல ஒரு சிவப்புக் கோடு போட்டு அதுக்கு மேல அடுக்கக் கூடாதுன்னு சொல்லிடுங்க. சீசன் டைம்ல அந்தக் கோடு யார் கண்ணுலயும் படாது, அப்பதான் நீங்க போய் பாக்கணும்.

டிஸ்ப்ளேல காட்டறது காத்தோட சூடு. சரக்கோட நிலவரம் தெரியணும்னா சில்லர்ல ஒரு சின்ன தண்ணி பாட்டிலுக்குள்ள தெர்மாமீட்டர் முனையைப் போட்டு நடு ரேக்ல வைங்க. காலை, மதியம், ராத்திரி மூணு தடவை நோட்டுல எழுதுங்க. பொடிச்ச ஐஸும் கொஞ்சம் தண்ணியும் கலந்த டம்ளர்ல அப்பப்ப தெர்மாமீட்டரை விட்டு 0 காட்டுதானு பாருங்க.

வாரத்துக்கு ஒரு தடவை வெளி யூனிட் ஃபின்னை மெதுவான பிரஷ்ல தூசி தட்டுங்க, மாசத்துக்கு ஒரு தடவை மெயின் ஆஃப் பண்ணிட்டு உள்பக்கத்துல இருந்து வெளிய தண்ணி அடிங்க, அழுத்தமா அடிச்சா ஃபின் மடங்கிடும். ஆசிட் வேணாம். டிரெய்ன்ல வெதுவெதுப்பான தண்ணி ஒரு ஜக் ஊத்தி வெளிய அதே வேகத்துல வருதானு பாருங்க. கேஸ்கட்டுக்கு நடுவுல ஒரு பேப்பரை வச்சு கதவை மூடி இழுங்க, இழுபறியா வரணும், வழுக்கிக்கிட்டு வந்துதுன்னா அந்த இடம் தளர்ந்து போச்சு. நாலு பக்கமும் பண்ணுங்க, கீழ்மூலைதான் முதல்ல போகும், டிராலி இடிக்கற இடம்.

ஐஸ் எங்க பிடிச்சிருக்குன்னு பாத்தாலே வியாதி தெரியும். காயில் முழுக்க மெல்லிசா ஒரே சீரா வெள்ளையா இருந்தா நல்லது. குழாய் உள்ள நுழையற பக்கம் ரெண்டு மூணு வரிசை மட்டும் ஐஸ், மிச்சம் வெறுமையா இருந்தா கேஸ் குறைவு, இல்லைன்னா எக்ஸ்பான்ஷன் வால்வு அடைப்பு. மொத்தமா கட்டியா மூடியிருந்தா டிஃப்ராஸ்ட் ஹீட்டர் போயிருக்கும், டைமர் போயிருக்கும், இல்ல கதவு நாள் பூரா திறந்து கிடந்திருக்கும். அடித்தட்டுல மட்டும் பாறையா இருந்தா டிரெய்ன் அடைப்பு. கதவுக்குப் பக்கத்து சீலிங்ல பனி முள்ளு முள்ளா இருந்தா கதவு வழியா காத்து வருது. பேனல் ஜாயிண்ட் நேர்கோட்டுல ஐஸ் ஓடினா அந்த ஜாயிண்ட் வெளிப்பக்கம் திறந்திருக்கு. இதை எல்லாம் போட்டோ எடுத்து மெக்கானிக்குக்கு அனுப்பிட்டு அப்புறம் கூப்பிடுங்க, அவர் சரியான ஸ்பேரோட வருவாரு. ஐஸை உளி, ஸ்க்ரூடிரைவர் வச்சு குத்தி எடுக்கற ஆள் யாராவது இருந்தா அந்த சாமானை முதல்ல பிடுங்கி வைங்க. காயில்ல ஒரு பொத்தல் விழுந்தா கேஸ் மொத்தமும் போயிடும்.

"கேஸ் கம்மியா இருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்"னு ஒரே வருஷத்துல ரெண்டாவது தடவை சொன்னா காசு குடுக்காதீங்க. கேஸ் தேஞ்சு போற சாமான் இல்ல, எங்கயோ லீக். சோப்புத் தண்ணி போட்டு ஃப்ளேர் நட், வால்வு, ஆயில் கறை தெரியற ஜாயிண்ட் எல்லாம் பாத்து அடைக்கச் சொல்லுங்க.

மாசாந்திர பராமரிப்புன்னு ஈபில காலைல இருந்து மதியம் தாண்டி கரண்ட் எடுக்கற நாளுக்கு, ஜெனரேட்டர் இல்லாதவங்க முந்தின ராத்திரியே ஃப்ரீசரை ரெண்டு மூணு டிகிரி கூடுதலா இறக்கி வைங்க, சில்லர்ல கீரை இருந்தா அதைச் செய்யாதீங்க, உறைஞ்சிடும். காலியான ரேக்ல தண்ணி பாட்டில் உறைய வச்சு நிரப்புங்க. அன்னைக்கு வேண்டிய சரக்கை கரண்ட் போறதுக்கு முன்னாடியே வெளிய எடுத்து தெர்மோகோல் பெட்டில ஐஸோட வச்சுக்கிட்டு, ரூம் கதவுல ஒரு பேப்பர் ஒட்டுங்க, திறக்காதீங்கன்னு. ஜெனரேட்டர் வாங்கறவங்க, மெஷின் ஸ்டார்ட் ஆகறப்ப ஓடற கரண்ட்டை விட 5, 6 மடங்கு இழுக்கும்ங்கறதை மனசுல வச்சு கேவிஏ கேளுங்க, ரெண்டு ரூம் இருந்தா ஸ்டார்ட்டிங் டைமரை ஒண்ணுக்கு மூணு நிமிஷம், இன்னொண்ணுக்கு ஆறு நிமிஷம்னு மாத்தி வைங்க. கரண்ட் வந்தப்பறம் டிஸ்ப்ளே மைனஸ் 18 காட்டுதுன்னு உடனே நம்பாம, கதவுக்குப் பக்கத்துல மேல்தட்டுல இருக்கற பெட்டி ஒண்ணை எடுத்து கையால அமுக்கிப் பாருங்க, இளகியிருந்தா அந்த வரிசையைத் தனியா எடுத்து வச்சு முதல்ல செலவு பண்ணுங்க, முழுசா இளகினதை மறுபடி உறைய வச்சு விக்காதீங்க.